பாற்பல்லுக்கு வேர் உண்டா?

பல் மருத்துவர் கலந்துகொள்ளும் தொலைக்காட்சிக் கருத்துக்களம் எதுவானாலும் நேயர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "பாற்பல்தானே, எப்படியும் விழப்போகிறது. அதற்கு எதற்கு டாக்டர் வைத்தியம்?" கேட்பவர் தாயாக இருப்பார், சில வேளைகளில் பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் பாட்டியாக இருப்பார். கேள்வியோடு ஒரு சான்றும் சேர்ந்து வரும். "பாற்பல்லுக்குத்தான் வேரே இல்லையே!"

அந்தச் சான்று அவர்கள் கண்ணால் கண்டதுதான். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்து லயத்துக் கூரைமேல் எறிவார்கள். எறிவதற்குமுன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒரு சிறிய வெள்ளைத் துண்டு, அடியில் குழிந்த சொரசொரப்பான விளிம்பு, அவ்வளவுதான். வேர் என்று சொல்ல எதுவும் இருக்காது.

உண்மையில் அந்தப் பல்லுக்கு வேர் இருந்தது. வெளியே தெரியும் பகுதியைப் பல் மருத்துவர்கள் கிரீடம் என்பர். மேல்தாடையின் நடுப் பாற்பல்லில் கிரீடம் சுமார் 6 மில்லிமீட்டர், வேர் சுமார் 10 மில்லிமீட்டர். அதாவது, வெளியே தெரிவதைவிட உள்ளே மறைந்திருப்பதே அதிகம். விழும்போது அந்த 10 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்பதில்தான் பல் வேரின் கதை தொடங்குகிறது.

கரைந்துபோகும் வேர்

குழந்தைக்கு ஆறு மாதம் முதல் பத்து மாதத்திற்குள் முதல் பல் எட்டிப் பார்க்கிறது. அந்த முன்பல்லின் வேர் ஏறக்குறைய ஒன்றரை வயதில் முழுமை அடைகிறது. சில ஆண்டுகள் அமைதியாகக் கழிகின்றன. பிள்ளைக்கு நான்கு, ஐந்து வயதாகும்போது, தாடைக்குள் வளர்ந்துவரும் நிரந்தரப் பல் கீழிருந்து நெருங்குகிறது. அப்போது அங்கு ஒரு வகை உயிரணுக்கள் கூடுகின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்கு நெருங்கிய உறவான இவை, பாற்பல்லின் வேரை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. வேர் குட்டையாகிக்கொண்டே வர, பல் ஆடத் தொடங்குகிறது. ஆறு, ஏழு வயதில் பிடிப்பின்றி விழுகிறது. பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கும் சொரசொரப்பான விளிம்பு, வேர் கரைந்த இடம்.

கீழே நிரந்தரப் பல் உருவாகாமலே போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலருக்குப் பாற்பல்லின் வேர் மிக மெதுவாகவே கரையும். முப்பது, நாற்பது வயதிலும் அந்தப் பாற்பல் வாயில் இருக்கும். அது பாற்பல் என்பது எக்ஸ்ரே எடுக்கும்வரை அவர்களுக்கே தெரிவதில்லை.

பாற்பல் வரிசையின் கடைவாய்ப்பற்களில் இன்னொரு விசேஷம். அவற்றின் வேர்கள், ஒரு பந்தை விரல்களால் கவ்வியதுபோல அகல விரிந்திருக்கும். அந்த விரல்களுக்கு நடுவில்தான் அடுத்து வரப்போகும் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. பாற்பல் சொத்தையாகி, கிருமி வேரின் அடிக்கு இறங்கினால், சீழ் பிடிப்பது அந்தப் பச்சைப் பல்லின் தலைமாட்டில். பின்னாளில் அந்த நிரந்தரப் பல் பழுப்புத் திட்டுடனோ குழி விழுந்த மேற்பரப்புடனோ முளைக்கக்கூடும். இதை முதலில் விவரித்த பிரிட்டிஷ் பல் மருத்துவரின் பெயரால் 'டர்னர் பல்' என்று இது அழைக்கப்படுகிறது. "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவைப்பதன் விலையை அடுத்த பல் கட்டுகிறது.

மரத்தின் வேரல்ல, தூளியின் கயிறு

வேர் என்ற சொல் சற்று ஏமாற்றும். மரத்தின் வேர் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். பல்லின் வேரோ, தான் அமர்ந்திருக்கும் எலும்பைத் தொடுவதே இல்லை! வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி முழுவதும் நுண்ணிய நார்கள். நாரின் ஒரு முனை வேரில் புதைந்திருக்கும், மறுமுனை எலும்பில் புதைந்திருக்கும். புதைந்த இந்த முனைகளுக்கு ஸ்காட்லாந்து உடற்கூற்று அறிஞர் வில்லியம் ஷார்ப்பியின் பெயர் வழங்குகிறது. உத்தரத்தில் கட்டிய தூளியில் பிள்ளை தொங்குவதுபோல், பல் இந்த நார்களில் தொங்குகிறது. கடிக்கும்போது மிகச் சிறிதளவு அமுங்கி, மீண்டும் எழும்புகிறது.

இந்த நார்ப்படலத்தில் நரம்புகளும் உண்டு. சோற்றில் கிடக்கும் பொடிக்கல் பல்லில் பட்டதும், மூளை யோசிப்பதற்குள் வாய் திறந்துகொள்கிறதே, அதற்கு இந்த நரம்புகளே காரணம். பல்லுக்குக் கம்பி போட்டு நேராக்க முடிவதும் இதனால்தான். கம்பி தள்ளும் பக்கத்தில் நார்ப்படலம் அழுந்த, அங்குள்ள எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு படிகிறது. பல் எலும்புக்குள் நகர்ந்து போகிறது. எலும்போடு ஒட்டி நிற்கும் உலோகச் செயற்கைப் பல்லை இப்படி நகர்த்த முடியாது.

வேரின் உடல் டென்டின் என்னும் மஞ்சள் நிறப் பொருளால் ஆனது. கிரீடத்தில் டென்டினுக்கு மேல் எனாமல் கவசம் போல் மூடியிருக்கிறது. ஈற்றின் ஓரத்தோடு அந்தக் கவசம் முடிந்துவிடும். அதற்குக் கீழே வேரைப் போர்த்தியிருப்பது சிமெண்டம். பெயரைக் கேட்டுக் கட்டடச் சிமெண்டு போல் கெட்டியானது என்று எண்ண வேண்டாம். எலும்பைப் போன்ற மென்மையான பொருள் அது. பல்லின் கழுத்துப் பகுதியில் தாளைவிட மெல்லியது. கடினமான துலக்கியால் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும், அந்தக் காலம் போல் கரியும் உப்பும் வைத்துத் துலக்குபவர்களுக்கும் ஈறு இறங்கிவிட்டால், முதலில் தேய்ந்துபோவது இதுதான். பிறகு ஐஸ் கச்சாங் ஒரு கரண்டி வாயில் வைத்தவுடன் சுளீர் என்கிறது.

வேரின் நடுவே ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. அதற்குள் இரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. எல்லாம் வேர்நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே உள்ளே வருகின்றன. பலரும் அஞ்சும் 'ரூட் கெனால்' சிகிச்சை, நோயுற்ற இந்தக் கூழை எடுத்துவிட்டுக் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது.

சிமெண்டம் ஆயுள் முழுவதும் படிந்துகொண்டே இருக்கிறது. முதுமையில் அதன் தடிப்பு, சிறுவயதில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மென்று மென்று பல்லின் மேற்பகுதி தேய, வேர்நுனியில் படியும் இந்தப் புதிய அடுக்கு அதை ஓரளவு ஈடுசெய்கிறது.

"ஸ்கேலிங் செய்த பிறகுதான் என் பல் ஆடத் தொடங்கியது" என்று குறைப்படும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பல் ஆடுவது வேர் கெட்டதால் அல்ல. வேரைத் தாங்கிய நார்களும் எலும்பும் ஈறு நோயால் அழிந்ததால். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த அழிவு வேகமாக நடக்கும். பற்களுக்கிடையே கெட்டியாகப் படிந்த காறை, கால் ஒடிந்த நாற்காலிக்கு முட்டுக் கொடுத்ததுபோல் ஆட்டத்தை மறைத்து வைத்திருக்கும். காறையை எடுத்தவுடன் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. பழி என்னவோ ஸ்கேலிங் மேல்!

ஒரு வேர், இரண்டு வேர், மூன்று வேர்

முன்பற்களுக்கும் கோரைப்பல்லுக்கும் ஒரு வேர். மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர் சுமார் 17 மில்லிமீட்டர். வாயிலேயே நீளமானது அதுதான். கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு இரண்டு, மேல் கடைவாய்ப்பற்களுக்கு மூன்று என்பது பொது விதி. ஞானப்பல் எந்த விதிக்கும் கட்டுப்படாது. சிலருக்கு அதன் வேர்கள் ஒன்றாக ஒட்டியிருக்கும், சிலருக்குக் கொக்கி போல் வளைந்திருக்கும்.

பொது விதியும் எல்லா இனத்தாருக்கும் பொதுவானதல்ல. சீன வம்சாவளியினரில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்றாவது வேர் ஒன்று இருக்கும். ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் இது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழ். பல இனத்தார் வந்து அமரும் நம் நாட்டு கிளினிக்குகளில், அந்தக் கூடுதல் வேரைத் தேடிப் பார்ப்பது பல் மருத்துவரின் அன்றாட வேலை. சீனாவின் கான்சு மாநிலத்தில் ஒரு குகையில் கிடைத்த, குறைந்தது 1,60,000 ஆண்டுகள் பழைமையான தாடை எலும்பிலும் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள் இருந்தன. டெனிசோவன் எனப்படும் அழிந்துபோன மனித இனத்தின் தாடை அது. அந்த இனத்திடமிருந்துதான் ஆசியருக்கு இந்த வேர் வந்திருக்க வேண்டும் என்று 2019இல் சில ஆய்வாளர்கள் எழுதினர். 2020இல் வேறு சிலர் அதை மறுத்தனர்.

வேருக்குள் ஓடும் கால்வாய்கள் இன்னும் சிக்கலானவை. எக்ஸ்ரேயில் ஒற்றைக் கோடாகத் தெரிவது, உண்மையில் கிளைத்துப் பின்னி ஓடும். சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் 1917இல் இதை உலகுக்குக் காட்டினார். பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டிப்படுத்தி, பிறகு பல்லைக் கரைத்துவிட்டார். எஞ்சி நின்றது கால்வாய்களின் ரப்பர் வார்ப்பு. எந்தத் தோட்டத்து ரப்பரோ, பல் மருத்துவப் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டது.

வேர்களைப் பற்றிப் பேசும்போது, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சத்தையும் தொட்டாக வேண்டும். நம்மவர்களில் பலர் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பது இந்தப் பயத்தால்தான். பார்வை நரம்பு மூளையிலிருந்து வரும் இரண்டாவது நரம்பு. பற்களுக்குக் கிளை விடுவது ஐந்தாவது நரம்பு. இரண்டும் வேறு வேறு. மேல் கடைவாய்ப்பல் வேருக்கு உண்மையான அண்டைவீடு கண் அல்ல, கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறை. சளி கட்டி சைனஸ் வீங்கும்போது பல்வலி போல் தோன்றுவது அந்த அண்டைவீட்டுத் தொல்லை. பிடுங்கப் பயந்து சீழை வளர்த்து, அது முகத்துக்குள் பரவுவதில்தான் கண்ணுக்கு ஆபத்து உண்டு.

வேர் எப்படி உருவாகிறது?

வீடு கட்டுபவர்கள் முதலில் அடித்தளம் போடுவார்கள். பல்லோ கூரையிலிருந்து கட்டப்படுகிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆறு வாரம் ஆகும்போதே பற்களுக்கான முதல் முளைகள் தாடையில் தோன்றுகின்றன. கிரீடம் முழுவதும் கட்டி முடிந்த பிறகே வேர் வேலை ஆரம்பமாகிறது.

எனாமலை உருவாக்கிய தொப்பி போன்ற உறுப்பின் விளிம்பு, வேலை முடிந்ததும் கீழ்நோக்கி ஒரு மெல்லிய உறையாக நீள்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கார் ஹெர்ட்விக் 1874இல் நீர்நில வாழ்வனவற்றின் பற்களை ஆராய்ந்தபோது இதைக் கண்டு எழுதினார். இன்றும் இதற்கு ஹெர்ட்விக் உறை என்றே பெயர். இந்த உறை எதையும் நேரடியாகக் கட்டுவதில்லை, மேஸ்திரி போல் அச்சு வைத்துக் கொடுக்கிறது. உறைக்கு உள்பக்கம் இருக்கும் அணுக்கள் அதன் தூண்டுதலால் டென்டினை உருவாக்கத் தொடங்குகின்றன. வேரின் நீளம், வளைவு, தடிப்பு எல்லாம் உறை போகும் போக்கில் அமைகின்றன.

கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு மூன்று வேர்கள் பிரிவதும் உறையின் வேலையே. உறையின் அடி விளிம்பிலிருந்து நாக்கு போன்ற மடிப்புகள் உள்நோக்கி நீண்டு ஒன்றையொன்று சந்திக்கின்றன. இரண்டு நாக்குகள் சந்தித்தால் வாசல் இரண்டாகப் பிரியும். மூன்று சந்தித்தால் மூன்றாகும். ஒவ்வொரு வாசலும் ஒரு வேராகிறது.

அச்சு வேலை முடிந்ததும் உறை துண்டு துண்டாகக் கிழிகிறது. அந்தக் கிழிசல்கள் வழியே வெளிப்புற அணுக்கள் புகுந்து, புதிதாக உருவான டென்டினைத் தொடுகின்றன. தொட்டதும் சிமெண்டம் படியத் தொடங்குகிறது. நார்களின் முனைகளும் அதிலேயே புதைகின்றன. உறையின் சில துணுக்குகள் மட்டும் வேரைச் சுற்றி ஆயுள் முழுவதும் தங்கிவிடும். பிரெஞ்சு மருத்துவர் மலாசே 1880களில் விவரித்த துணுக்குகள் இவை. பல் சொத்தையாகிக் கிருமி வேர்நுனியை எட்டும்போது, தூங்கிக்கிடந்த இந்தத் துணுக்குகள் விழித்துப் பெருகி நீர்க்கட்டியாக மாறுவதுண்டு.

வேர் வளரத் தொடங்கும் அதே காலத்தில் பல்லும் மேலே நகரத் தொடங்குகிறது. ஆகவே வேர்தான் பல்லை உந்தித் தள்ளுகிறது என்று நெடுங்காலம் நம்பினர். 1980களில் அமெரிக்காவின் மார்க்ஸ், காஹில் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளின் தாடையில், முளைக்கவிருந்த பல்லை எடுத்துவிட்டு, அதைச் சூழ்ந்த பையை மட்டும் விட்டுவைத்தனர். பைக்குள் உயிரற்ற மாதிரிப் பல்லை வைத்தனர். வேரே இல்லாத அந்தப் பொம்மைப் பல்லும் முளைத்து வெளியே வந்தது! எலும்பில் வழி திறப்பது அந்தப் பையின் வேலை என்பது அதன்பின் தெளிவாயிற்று.

வாயில் பல் எட்டிப் பார்க்கும்போது வேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கட்டப்பட்டிருக்கும். நுனி புனலைப் போல் அகலத் திறந்திருக்கும். மீதியைக் கட்டி நுனியை மூட இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். 7 வயதில் முளைக்கும் மேல் முன்பல்லுக்கு வேர் முடிவது 10 வயதில். 11, 12 வயதில் வரும் கோரைப்பல்லுக்கு 13 முதல் 15 வயதில். ஞானப்பல்லுக்கு 18 முதல் 25 வயதுவரை. கனடாவின் டெமிர்ஜியனும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் பல் வளர்ச்சியை எட்டுப் படிகளாகப் பிரித்தனர். அவற்றில் பின் நான்கும் வேரைப் பற்றியவை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் வயதை மதிப்பிட இந்தப் படிகளைப் பயன்படுத்துகின்றனர்.

ஆறு வயதில் ஓசையின்றி வரும் பல்

இப்போது பல் கிளினிக்குகளில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சியைப் பார்ப்போம். ஏழு வயதுப் பையன், ஒன்றாம் ஆண்டு மாணவன். கீழ்த்தாடையில் கடைசிப் பல் பெரிய சொத்தை, இரவெல்லாம் அழுகை. அம்மா சொல்கிறார், "பாற்பல்தானே டாக்டர், பிடுங்கிப் போட்டுடுங்க. பிறகு புதுசா முளைக்கும்." மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி மெதுவாகச் சொல்கிறார், "இது பாற்பல் இல்லைம்மா. இதுதான் ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். இதுக்குக் கீழே வேறே பல் கிடையாது." அம்மாவின் முகம் மாறுகிறது. பையனுக்கு எந்தக் கடைவாய்ப்பல்லும் விழவே இல்லையே, இது எப்படி நிரந்தரப் பல் ஆகும்?

குழப்பத்தின் மூலமே அதுதான். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பாற்பல்லின் இடத்தையும் பிடிப்பதில்லை. பாற்பற்களுக்குப் பின்னால், காலியான ஈற்றில், 6 வயதில் முளைக்கிறது. பாலர் பள்ளியை முடிக்கும் பருவம். எதுவும் விழவில்லை, எதுவும் ஆடவில்லை, ஆகவே வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. குழந்தை பிறந்த நாளையொட்டியே உருவாகத் தொடங்கிய பல் இது. கிரீடம் மூன்று வயதுக்குள் முடிந்துவிடும், வேர் முடிவது 9, 10 வயதில். முளைத்த புதிதில் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். துலக்கி அதுவரை போய்ச் சேர்வதில்லை. மைலோவும் பிஸ்கட்டும் அந்தப் பள்ளத்தில்தான் தங்குகின்றன.

பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழு அந்தப் பள்ளங்களை அடைக்கும் பூச்சு போடுவதற்காகக் கடிதம் கொடுத்தனுப்பினால், பெற்றோர் தயங்காமல் கையெழுத்திடலாம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

சில பிள்ளைகளுக்கு அந்தப் பல் காப்பாற்ற முடியாத அளவுக்குக் கெட்டிருக்கும். அப்போதும் மருத்துவர் வேரைப் பார்த்தே நாள் குறிப்பார். பின்னால் வரவிருக்கும் இரண்டாவது கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியத் தொடங்கும் கட்டத்தில், பொதுவாக 8 முதல் 10 வயதுக்குள் பிடுங்கினால், அந்தப் பல் முன்னே நகர்ந்து இடத்தை நிரப்ப வாய்ப்பு அதிகம். தாமதித்துப் பிடுங்கினால் பின்பல் சாய்ந்து, நடுவே சந்து விழும்.

பாதியில் நின்ற வேர்

வேர் முடிவதற்குமுன் பற்கூழ் செத்துப்போனால் என்ன ஆகும்? வேரைக் கட்டும் அணுக்களுக்கு உயிர் கொடுப்பது அந்தக் கூழ்தான். அது செத்தால் கட்டட வேலை அன்றோடு நிற்கும். சுவர் முட்டை ஓடுபோல் மெல்லியதாக, நுனி திறந்ததாக, வேர் குட்டையாகவே நின்றுவிடும். வெளியே பார்த்தால் பிள்ளையின் பல் முழுதாகத் தெரியும். சில ஆண்டுகள் கழித்துச் சின்ன அடியிலும் ஈற்றோரத்தில் முறிந்துவிடும்.

சொத்தையாலும் இது நேரும், விளையாட்டில் பல் உடைவதாலும் நேரும். ஆசியப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 10, 11 வயதில் முளைக்கும் முன்கடைவாய்ப்பல்லின் நடுவில் சிலருக்குச் சின்னக் கொம்பு போல் ஒரு முளை இருக்கும். மெல்லும்போது அது ஒடிந்தால், ஒடிந்த இடம் வழியாகக் கிருமி கூழுக்குள் இறங்கும். சொத்தையே இல்லாத பல்லில் சீழ் என்று பெற்றோர் திகைப்பார்கள்.

கூழ் இன்னும் உயிரோடு இருக்கும்போதே வந்தால் மருத்துவருக்கு வேலை எளிது. கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, மீதியை மருந்தால் மூடினால், வேர் தன் போக்கில் வளர்ந்து முடியும். செத்துவிட்டால்தான் சிக்கல். முன்பெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, நுனியில் ஒரு மூடி உருவாகும்வரை காத்திருப்பார்கள். 1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் தொராபினெஜாத் உருவாக்கிய எம்.டி.ஏ. என்ற பொருள் வந்தபின், நுனியை ஓரிரு சந்திப்புகளிலேயே அடைக்க முடிந்தது. ஆனால், வேர் வளரவில்லை. திறந்த வாசல் மூடியது, அவ்வளவே.

2001இல் ஜப்பானியப் பல் மருத்துவர்கள் வேறொரு செய்தியை வெளியிட்டனர். கூழ் கெட்டுச் சீழ் வடிந்த ஒரு முன்கடைவாய்ப்பல்லின் கால்வாயைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்தபின், அதன் வேர் தொடர்ந்து வளர்ந்து சுவர் தடித்திருந்தது. 2004இல் அமெரிக்காவில் வேர்நுனிக்கு அப்பால் வேண்டுமென்றே இரத்தம் கசியவைத்து, அந்த இரத்தக் கட்டியைக் கால்வாய்க்குள் உறையவிடும் முறை விவரிக்கப்பட்டது. வளரும் வேர்நுனியில் தண்டு உயிரணுக்கள் இருப்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை. சிலருக்கு வேர் நீள்கிறது. சிலருக்குச் சீழ் ஆறுகிறது, நீளம் மாறுவதில்லை. ஆனாலும் நின்றுபோன கட்டடத்தை மீண்டும் தொடங்க முடியும் என்பதே பெரிய மாற்றம்.

விழுந்த பல்லை எங்கே பிடிப்பது?

பள்ளித் திடலில் பந்து முகத்தில் பட்டு, எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல் வேரோடு கழன்று புல்லில் விழுகிறது. பதறிய பெரியவர் என்ன செய்வார்? பல்லை எடுத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ தாளில் பத்திரமாகச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நல்லெண்ணத்தில் செய்த இந்த மூன்றும் பல்லுக்கு எதிரானவை.

பிடுங்கிய செடியின் வேரில் ஒட்டிய ஈரமண் போல, கழன்ற பல்லின் வேரில் நார்களும் அவற்றின் உயிரணுக்களும் ஒட்டியிருக்கும். பல் மீண்டும் தாடையில் பிடிக்குமா என்பதை முடிவு செய்வது அந்த அணுக்கள்தான். தேய்த்தால் உரிந்துவிடும். காய்ந்தால் சாகும். வெளியில் உலர்ந்து 30 நிமிடம் ஆனால் பெரும்பாலானவை இறந்திருக்கும் என்று அனைத்துலகப் பல் காய மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது.

ஆகவே பல்லைக் கிரீடத்தில் பிடிக்க வேண்டும், வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, உப்புநீர் மருந்திலோ, பிள்ளையின் எச்சிலிலோ லேசாக அலசினால் போதும். பிள்ளை நிதானமாக இருந்தால் அங்கேயே குழிக்குள் சரியான பக்கம் பார்த்துப் பொருத்தி, கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லலாம். அதுவே மிகச் சிறந்தது. துணிவு வராதவர்கள் பல்லைப் பாலில் போட்டு உடனே பல் கிளினிக்குக்கு ஓட வேண்டும். பால் என்றால் குளிர்ந்த சாதாரணப் பசும்பால். தேத்தண்ணிக்கு ஊற்றும் கட்டிப்பால் அல்ல! பால் கிடைக்காவிட்டால் பிள்ளையின் எச்சில் உதவும். பச்சைத்தண்ணீர் நல்லதல்ல, ஆனாலும் காயவிடுவதற்கு அது மேல். இளநீரை வைத்தும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

மருத்துவர் பல்லைப் பொருத்திப் பக்கத்துப் பற்களோடு ஏறக்குறைய இரண்டு வாரம் கட்டிவைப்பார். வேர் முடிந்துவிட்ட பல்லுக்கு ரூட் கெனால் தேவைப்படும். எட்டு வயதுப் பிள்ளையின் வேர்நுனி திறந்திருப்பதால், அதன் வழியே இரத்தக்குழாய்கள் மீண்டும் உள்ளே வளர வாய்ப்புண்டு, காத்திருந்து கவனிப்பார்கள். வேரின் அணுக்கள் செத்தபின் பொருத்திய பல்லோ, தூளிக் கயிறு அறுந்து எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். தாடை வளர வளர அந்தப் பல் மட்டும் கீழேயே தங்கி, வேரும் சில ஆண்டுகளில் எலும்பாக மாறிவிடும்.

இதெல்லாம் நிரந்தரப் பல்லுக்கு மட்டுமே. மூன்று வயதுக் குழந்தை மாடிப்படியில் விழுந்து முன்பல் கழன்று வந்தால், கையில் எடுத்துப் பார்க்கும் பெற்றோர் திடுக்கிடுவார்கள். கிரீடத்தைவிட நீளமான வேர் அதில் இருக்கும். கரையத் தொடங்காத முழு வேர். வேர் இருக்கிறதே, இது நிரந்தரப் பல்லோ என்று எண்ணி மீண்டும் செருகிவிடக் கூடாது. அந்தக் குழிக்கு மேலே, எலும்புக்குள், அடுத்த பல்லின் கிரீடம் உருவாகிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் அதில் இடிக்கும். பல்லை ஒரு சிறு டப்பாவில் போட்டு, குழந்தையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோனால் போதும். முழுப் பல்லும் வந்துவிட்டதா, வேரின் துண்டு ஏதும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார். அந்த இடத்தில் 7, 8 வயதில் நிரந்தரப் பல் வரும். முன்கூட்டியே பாற்பல் போனதால் சில மாதங்கள் தாமதமாகவும் வரலாம்.